கஷாயமா, சூரணமா? தேயிலையில் கதிரியக்கம் அளந்த கதை

மூலிகைச் சாகுபடி பற்றிப் பேசப் போகிற ஊர்களில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஐயா, மூலிகையில் கதிரியக்கம் இருக்கிறதா என்று வெளிநாட்டில் மெஷின் வைத்துப் பார்க்கிறார்களாமே, அப்படியானால் நாம் காய்ச்சிக் குடிக்கிற கஷாயத்திலும் அது இருக்குமா?" என்று கேட்கிறார்கள். இருக்கும் என்பதுதான் பதில். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டால் ஊரில் பீதிதான் மிஞ்சும். எந்த வகைக் கதிரியக்கம், எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது என்கிற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை உலகம் படிப்படியாகத்தான் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு இலையை வைத்து நடந்தது. அந்த இலை தேயிலை.

தேயிலை எப்படி மூலிகை ஆகும் என்று கேட்காதீர்கள். ஜப்பானில் எய்சாய் என்ற பௌத்தத் துறவி 1211ஆம் ஆண்டில் தேயிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உடம்பைப் பேணும் மருந்தாகவே அதில் தேயிலையைச் சொல்கிறார். 1214இல் அந்நாட்டு ஆட்சித் தலைவர் சானெதொமோ முதல் நாள் இரவுக் குடியின் மயக்கம் தெளியாமல் அவதிப்பட்டபோது, இந்தத் துறவி ஒரு கிண்ணம் தேநீரையும் அந்த நூலையும் சேர்த்துக் கொடுத்தார் என்று அந்நாட்டுப் பழைய ஏடு சொல்கிறது. கடையில் டம்ளர் டம்ளராகக் குடிக்கிற சரக்காக ஆனது ரொம்பப் பின்னாலே.

கதிரியக்கத்தின் கதை 1896இல் தொடங்குகிறது. பாரிஸ் நகரத்தில் பெக்கரல் என்ற விஞ்ஞானி, யுரேனிய உப்பைப் புகைப்படத் தகட்டின் மேல் வைத்திருந்தார். வெளிச்சம் படாமல் காகிதத்தில் நன்றாகச் சுற்றிய தகடு. ஆனாலும் அதில் கறுப்பாகப் படம் விழுந்திருந்தது. உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று புறப்பட்டு வருகிறது என்று தெரிந்தது. அவர் பெயரைத்தான் இன்று அளவுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு வினாடியில் ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். நெல்லுக்குப் படி, மரக்கால் மாதிரி, கதிரியக்கத்துக்குப் பெக்கரல்.

பத்து வருஷம் கழித்து, 1906இல், கேம்பிரிட்ஜில் கேம்பல் என்பவர் பொட்டாசியத்திலும் கதிரியக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இது நம்ம விஷயம். சாம்பல் சத்து என்று நாம் சொல்கிறோமே, அதே பொட்டாசியம்தான். பூமி உண்டான காலத்திலிருந்தே அதில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உள்ளதாக இருக்கிறது. ஒரு கிராம் பொட்டாசியத்தில் வினாடிக்குச் சுமார் 31 அணுக்கள் சிதைகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கடையில் வாங்கி வருகிற மூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தில் பாதிக்குமேல் பொட்டாசியம். ஆகவே அந்த உரத்தில் கிலோவுக்குச் சுமார் 16,000 பெக்கரல் இருக்கும். அதைத்தான் வெறுங்கையால் அள்ளி வயலில் வீசுகிறோம். காய்ந்த இலை எதை எடுத்தாலும், நூற்றுக்கு இரண்டு பங்கு பொட்டாசியம் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 600 பெக்கரல் இயற்கையாகவே வந்துவிடும். துளசியானாலும் சரி, கீழாநெல்லியானாலும் சரி. நம்ம உடம்பிலேயே எந்த நேரமும் சுமார் 4,000 பெக்கரல் பொட்டாசியக் கதிரியக்கம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால் கீரையைக் கூடுதலாகத் தின்றால் இது ஏறிக்கொண்டே போகாது.

ஆரம்ப காலத்தில் கதிரியக்கத்தைக் கண்டு யாரும் பயப்படவில்லை. அதையே மருந்தென்று விற்றார்கள். ரேடியம் கலந்த தண்ணீரைச் சின்னச் சின்னப் பாட்டிலில் அடைத்து, சகல ரோகத்துக்கும் நல்லது என்று அமெரிக்காவில் விற்பனை செய்தார்கள். ஈபன் பையர்ஸ் என்ற பணக்காரர் அதை வருஷக்கணக்கில் விடாமல் குடித்தார். ரேடியம் சுண்ணாம்புச் சத்தைப் போல எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் குணம் உள்ளது. அவருடைய தாடை எலும்பு அரித்துப் போய், 1932இல் இறந்தார். பொட்டாசியம் வந்த வழியே போய்விடுகிறது, ரேடியமோ எலும்பில் குடியிருக்கிறது. எந்த வகை என்று முதலில் கேட்க வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு இந்த மனிதருடைய கதியே சாட்சி.

அதே காலத்தில் செடியின் பக்கமும் அளக்கத் தொடங்கினார்கள். 1923இல் ஹெவெஷி என்ற ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி, கதிரியக்க ஈயத்தைத் தண்ணீரில் கரைத்து அவரைச் செடியின் வேரை அதில் வைத்தார். வேரில் எவ்வளவு தங்கியது, தண்டில் எவ்வளவு, இலைக்கு எவ்வளவு ஏறியது என்று ஒவ்வொரு பாகத்தையும் தனியாக எரித்துச் சாம்பலில் அளந்தார். உரம் செடிக்குள் எங்கே போகிறது என்று பின்னால் வேளாண்மைக் கல்லூரிகளில் செய்த பரிசோதனைகளுக்கெல்லாம் அந்த அவரைச் செடிதான் முன்னோடி.

ஆனால் அந்தக் காலத்துக் கருவிகள் 'டிக் டிக்' என்று எண்ண மட்டும்தான் செய்யும். எண்ணுவது பொட்டாசியமா, ரேடியமா, வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது. 1948இல் அமெரிக்காவில் ஹாஃப்ஸ்டாட்டர் என்பவர் சோடியம் அயோடைடு படிகத்தை வைத்து ஒரு கருவி செய்தார். 1960களில் ஜெர்மேனியம் என்ற தனிமத்தை வைத்து இன்னும் நுட்பமான கருவி வந்தது. இவற்றுக்கு ஆளைக் குரலால் அடையாளம் காணும் சாமர்த்தியம் உண்டு. ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் தனக்கென்று ஒரு சக்தி உள்ள கதிரைத்தான் வீசும். சீசியம் 137 என்பது 662 என்ற எண்ணில் பேசும், பொட்டாசியம் 1,461இல் பேசும். இருட்டில் மாடு கத்தினாலும் எந்த வீட்டு மாடு என்று நமக்குத் தெரிவதில்லையா, அந்த மாதிரி. வெளியிலிருந்து வருகிற கதிர் கலந்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் கனமான ஈயக் கூடு கட்டி, கருவியைக் கடுங்குளிரில் வைத்து, இலைத்தூளை டப்பாவில் அடைத்துப் பல மணி நேரம் எண்ண விடுவார்கள்.

இந்தக் கருவிக்கு வேலை வந்தது 1986இல். அந்த வருஷம் ஏப்ரல் 26ஆம் தேதி, அப்போதைய சோவியத் நாட்டில் இருந்த செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றோடு கிளம்பிய சீசியம் பல தேசங்களைத் தாண்டியது. மே மாத ஆரம்பத்தில் துருக்கி தேசத்தின் கருங்கடல் ஓரத்தில் மழை பெய்தது. ரிஸே என்ற பகுதி. அங்கே மலைச்சரிவெல்லாம் தேயிலைத் தோட்டம், பெரும்பாலும் சிறு விவசாயிகள் கையில். முதல் கொழுந்து பறிக்கிற சமயம் பார்த்து வானத்திலிருந்து சீசியம் இறங்கியது. மண்ணில் விழுந்து வேர் வழியாக ஏற வேண்டிய தேவையே இருக்கவில்லை. நேராக இலையின் மேலேயே விழுந்து, இலைக்குள்ளேயே புகுந்துவிட்டது.

அடுத்து நடந்தது வருத்தப்பட வேண்டிய கதை. உலர்ந்த தேயிலையில் கிலோவுக்கு 12,500 பெக்கரல் வரை இருக்கலாம் என்று துருக்கியில் வரம்பு வைத்தார்கள். 1986 சரக்கை 1985ஆம் வருஷத்துச் சுத்தமான சரக்கோடு கலந்து அளவை இறக்கி விற்றார்கள். மிகவும் மோசமான 50,000 டன்னுக்கு மேற்பட்ட தேயிலை கடைசியில் மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. இதெல்லாம் செய்தவர்கள் ஜனங்களிடம் மட்டும் கணக்கை விவரமாகச் சொல்லவில்லை. தொழில் மந்திரி ஜாஹித் ஆரால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஒரு தம்ளர் தேநீரைக் குடித்துக் காட்டினார். குடித்துக் காட்டினால் அளந்த மாதிரி ஆகுமா? அங்காராவில் மத்தியக் கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில வேதியியல் ஆசிரியர்கள் தாங்களே தேயிலையை வாங்கி அளந்து பார்த்து, எவ்வளவு இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னதை அரசாங்கத் தரப்பு வரவேற்கவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அந்த வரம்பை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆள் வருஷத்துக்கு 3 கிலோ தேயிலை செலவு செய்கிறார், எல்லாம் வரம்பின் உச்சத்தில் இருக்கிற இலை, கொதிநீரில் சீசியத்தில் 100க்கு 60 பங்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 22,500 பெக்கரல் உடம்புக்குள் போகும். அதனால் உடம்புக்கு ஏற்படும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். இந்தக் கணக்குக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மில்லிசீவர்ட் வருகிறது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாக வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் கிடைக்கிறது. அணுத் தொழிலால் பொதுமக்களுக்கு அதற்கு மேல் வரக்கூடாத உச்சவரம்பு 1 மில்லிசீவர்ட். ஆகவே அந்தத் தேநீரால் அலட்சியம் செய்யக்கூடிய அளவுதான் வந்தது என்று சொல்ல மாட்டேன், அதைக் குடித்தவன் பிழைக்கமாட்டான் என்பதும் பொய். இந்தக் கணக்கைத் திறந்து சொல்லியிருந்தால் ரிஸே விவசாயியும் தம்ளர் பிடித்தவரும் தாங்களே முடிவு செய்திருப்பார்கள். மறைத்ததால் பல வருஷத்துக்கு அந்த ஊர்ப் புற்றுநோய் ஒவ்வொன்றுக்கும் தேயிலையையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அதே பரீட்சை ஜப்பானுக்கு வந்தது. 2011 மார்ச் 11ஆம் தேதி பூகம்பமும் கடல் கொந்தளிப்பும் வந்து புகுஷிமா அணு உலைகள் சேதமாயின. அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது ஷிஸுவோகா என்னும் மாகாணம். ஜப்பானின் பெயர்பெற்ற தேயிலைச் சீமை. மார்ச்சில் அங்கே கொழுந்து துளிர்க்கவில்லை, செடியில் இருந்தது பழைய இலை மட்டும்தான். அதனால் தப்பித்தோம் என்று நினைத்தார்கள். ஆனால் சீசியம் பொட்டாசியத்துக்கு உறவுக்காரன். செடிக்கு வித்தியாசம் தெரியாது. பழைய இலை மேல் விழுந்ததை உள்ளே இழுத்து, பொட்டாசியத்தை அனுப்புகிற மாதிரியே புதுத் துளிருக்கு அனுப்பிவிட்டது. மே மாதம், ஷிஸுவோகாவுக்குப் பக்கத்து மாகாணமான கனகாவாவில் மினாமி அஷிகாரா என்ற ஊரில் பறித்த பச்சைக் கொழுந்தில் கிலோவுக்கு 550 பெக்கரலுக்கு மேல் இருந்தது. அப்போது வரம்பு 500.

உடனே ஒரு தகராறு கிளம்பியது. நம்ம ஊரில் கொப்பரைக்கும் தேங்காய்க்கும் எடை போடுகிறபோது வருகிற தகராறு மாதிரிதான். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால் ஒரு கிலோ தூள். தண்ணீர் போய்விடும், சீசியம் போகாது. ஆகவே பச்சையில் 200 இருந்தால் காய்ந்ததில் 1,000 ஆகிவிடும். இலையில் இருக்கிற சீசியம் அதேதான், எடைதான் குறைந்தது. காய்ந்த தூளுக்கும் 500தான் என்றது சுகாதார இலாகா. "காய்ந்த தூளை யார் அப்படியே தின்கிறார்கள்? தண்ணீரில் போட்டல்லவா குடிக்கிறார்கள்?" என்றார்கள் விவசாயிகளும் மாகாண அதிகாரிகளும். முதலில் ஷிஸுவோகா மாகாணம் காய்ந்த தூளைச் சோதிக்கவே தயங்கியது. ஜூன் மாதம் ஒரு வியாபாரி தானாகவே சோதித்துப் பார்த்து விஷயத்தைச் சொன்ன பிறகு, மாகாணமும் அளந்தது. 679 பெக்கரல் வந்தது. சில நாளில் பிரான்ஸ் நாட்டு விமான நிலையத்தில் ஷிஸுவோகா தேயிலைப் பெட்டி ஒன்றில் 1,038 பெக்கரல் இருந்ததாகச் செய்தி வந்தது. விவசாயிக்கு அந்த வருஷம் விலை எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இருதரப்பு வாதத்திலும் நியாயம் இருந்தது. அந்த 1,038 தூளில் 10 கிராமை 300 கிராம் வெந்நீரில் போட்டால், 60 பங்கு இறங்கும் கணக்கில், நீரில் கிலோவுக்குச் சுமார் 20 பெக்கரல் வரும். தினம் ஒரு லிட்டர் குடித்தால் வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட். அதைத் தூளாகவே தின்கிறவருக்கோ கதை வேறு. ஜப்பானில் மாச்சா என்று ஒரு தேயிலைப் பொடி உண்டு, வடிகட்டுவதில்லை, இலையைப் பொடித்து அப்படியே கலக்கிக் குடித்துவிடுவார்கள்.

2012 ஏப்ரலில் ஜப்பான் வைத்த சட்டத்தை நான் மெச்சுகிறேன். சாதாரண உணவுக்கு வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். குடிதண்ணீருக்கு 10. தேயிலையை இனி இலையாக அளக்க வேண்டியதில்லை, குடிக்கிற பக்குவத்தில் அளக்க வேண்டும், அதற்கும் 10 என்றார்கள். எப்படி இறக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார்கள்: 10 கிராமுக்குக் குறையாமல் தூள், அதைப் போல் 30 மடங்கு எடையில் 90 டிகிரி வெந்நீர், 60 வினாடி ஊறல், பிறகு வடிகட்டல். மாச்சாவுக்கு மட்டும் பொடியையே அளக்க வேண்டும், வரம்பு 100. நம்ம பாஷையில் சொன்னால் கஷாயத்துக்கு ஒரு சட்டம், சூரணத்துக்கு ஒரு சட்டம். சித்த வைத்தியருக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரே வேர்தான், கஷாயமாகக் கொடுக்கும்போது ஓர் அளவு, சூரணமாகக் கொடுக்கும்போது வேறு அளவு என்று அவர் பழக்கத்திலேயே இருக்கிறது.

விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. பழைய இலையில்தான் சரக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் வழக்கத்தைவிட ஆழமாகக் கவாத்து செய்து அந்த இலைகளை அகற்றினார்கள். அடுத்தடுத்த பறிப்பில் அளவு நன்றாக இறங்கிவிட்டது. மண்ணில் விழுந்த சீசியத்தைக் களிமண் இறுகப் பிடித்து வைத்துக்கொள்வதால், வேர் வழியாகப் பெரிதாக ஏறவில்லை. புகுஷிமா நெல் வயல்களில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2011 அறுவடையில் சில வயல் அரிசியில் மட்டும் சீசியம் வரம்பைத் தாண்டியது. காரணம் தேடியபோது அந்த மண்ணில் சாம்பல் சத்து குறைவு என்று தெரிந்தது. பசித்த செடி பொட்டாசியம் கிடைக்காமல் சீசியத்தை உள்ளே விடுகிறது. பொட்டாஷ் உரம் போட்டார்கள், சீசியம் ஏறுவது குறைந்தது. 2012இலிருந்து அந்த மாகாணத்து அரிசியை மூட்டை மூட்டையாகக் கருவிக்குள் அனுப்பி அளந்தார்கள். முதல் வருஷம் சுமார் ஒரு கோடி மூட்டையில் 71 மூட்டை வரம்பைத் தாண்டியது. 2015 அறுவடையிலிருந்து ஒன்றுகூடத் தாண்டவில்லை. கதிரியக்கம் உள்ள பொட்டாஷைப் போட்டுக் கதிரியக்கத்தைக் குறைத்தார்கள் பாருங்கள்!

செர்னோபில் பக்கத்துக் காடுகளில் நிலைமை இன்னும் அப்படி மாறவில்லை. காட்டு மண் மணலும் மக்கும், களி கிடையாது, உரம் போடுவாரும் இல்லை. அங்கே காளான், காட்டுப் பழம், மூலிகை பொறுக்கி விற்கிறவர்கள் இன்றும் சோதனைக்குக் கொடுத்துத்தான் விற்க வேண்டியிருக்கிறது. பயிரிட்ட மூலிகைக்கும் காட்டில் பொறுக்கிய மூலிகைக்கும் இந்த விஷயத்தில் இவ்வளவு தூரம்.

உலக சுகாதார நிறுவனம் 1998இல் மூலிகைகளின் தரத்தைச் சோதிப்பது பற்றி ஒரு கையேடு போட்டது. அதிலே கதிரியக்கத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அணு விபத்துக்குப் பிறகு காணப்பட்ட அதிகபட்ச அளவு இருந்தாலும், வருஷத்துக்கு 20 கிலோவுக்கு மேல் அந்த மூலிகையைத் தின்றால்தான் குறிப்பிடும்படியான ஆபத்து என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். 20 கிலோ காய்ந்த மூலிகையை வருஷத்தில் தின்கிற நோயாளியை நான் பார்த்ததில்லை.

"நம்ம கன்னியாகுமரிக் கடற்கரை மணல்?" என்று கேட்பவர்கள் உண்டு. மணவாளக்குறிச்சி முதல் கேரளத்துக் கொல்லம் வரை மோனசைட் என்ற தோரிய மணல் இயற்கையாகவே இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களில் சிலருக்கு உலகச் சராசரியைப் போலப் பல மடங்கு கதிர் கிடைக்கிறது. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரை வருஷக்கணக்கில் கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

இதிலே மூலிகை விவசாயிக்கு நேரடியாக ஒரு வேலை இருக்கிறது. மணல், மண் எதுவானாலும், செடிக்குள் இருப்பதைவிட ரேடியமும் தோரியமும் அதில் அதிகம். நன்னாரி, அமுக்கரா மாதிரி வேர்ச்சரக்கை மண்ணோடு சேர்த்துக் காயவைத்து ஆய்வுக்கு அனுப்பினால், கருவி அளப்பது வேரை அல்ல, உங்கள் நிலத்தை. ஓடுகிற தண்ணீரில் மண் போக அலசி, பாயிலோ தார்ப்பாயிலோ தரையில் படாமல் உலர்த்துங்கள். மாதிரி கேட்கும் ஆய்வுக்கூடத்துக்குக் காய்ந்த எடையில் கொடுங்கள், பச்சையில் அறுத்த எடை எவ்வளவு, காய்ந்த பிறகு எவ்வளவு என்று ஒரு சீட்டும் வையுங்கள். ரேடியம் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடி ஒரு மாதம் போல ஊறுகாய் ஜாடி மாதிரி வைத்திருந்துதான் எண்ணுவார்கள், ஆகவே முடிவு வரத் தாமதமாகிறதே என்று சங்கடப்பட வேண்டாம். முடிவுச் சீட்டு வந்ததும் அதிலுள்ள எண் பச்சை எடைக்கா, காய்ந்த எடைக்கா, வடித்த நீருக்கா என்று முதலில் பாருங்கள். பொட்டாசியத்தைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.